பூனையும் இருக்கிற வீட்டில் நாய்க்கு எந்த உண்ணி மருந்து?

ஆடி மாதக் கடைசியில் எதிர்வீட்டு அக்கா தன் நாயின் காதை மடித்துக் காட்டினார். உள்மடிப்பில் ஏழெட்டு உண்ணிகள். பாதி கடுகு மாதிரி, தவிட்டு நிறத்தில். ஒன்று மட்டும் ரத்தம் குடித்துக் குடித்து, கொட்டமுத்து அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பிக் கிடந்தது. “தம்பி, மாட்டுக்கு அடிக்கிற மருந்து நூறு நூத்தம்பதுல முடிஞ்சிடுது. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை ஒண்ணே ஆயிரத்துக்கு மேல சொல்றாங்க. எதைத்தான் வாங்கறது?” என்று கேட்டார்.

நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, “உங்க வீட்டுப் பூனை எங்க படுக்கும்க்கா?” என்பதுதான். “இவன் வயித்துலதான்” என்று நாயைக் காட்டினார்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் பதிலிலேயே பாதி முடிவு வந்துவிட்டது. நாயும் பூனையும் ஒன்றாக வளர்கிற வீட்டில், நாய்க்கு வாங்குகிற மருந்தை முதலில் பூனையை வைத்துத்தான் கழிக்க வேண்டும். அடுத்தது, நாய் எவ்வளவு நனைகிறது என்பது. விலை மூன்றாவது. பெரும்பாலோர் விலையில் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதற்கு எங்கள் பூனை கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்னால் உண்ணியைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊர் நாய்களிடம் அதிகம் காண்பது பழுப்பு நாய் உண்ணி. உண்ணிகளில் பல வகை புல்லிலும் புதரிலும் வாழ்பவை. இது வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நாயின் மேல் ஏறிக் குடித்துவிட்டுக் கீழே விழும், தோல் உரிக்கும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், உரிக்கும். மூன்றாவது முறை ஏறுவதுதான் வளர்ந்த உண்ணி. அதில் பெண் உண்ணி ஒரு வாரம் போலக் குடித்து உப்பி, விழுந்து, சுவர் இடுக்கில் போய் நாலாயிரம் வரை முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆக, தன் வாழ்நாளில் பெரும் பகுதி அது நாயின் மேல் இருப்பதே இல்லை. வளர்ந்த உண்ணி ஒரு வருஷத்துக்கு மேல் பட்டினி கிடந்தும் பிழைக்கும். நம் பக்கத்து வெக்கையில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரைக்கும் இரண்டு மாதம் போதும். குளிர் வந்து அடங்கும் என்று காத்திருக்கக் கடலூரில் குளிரும் இல்லை.

முதுநகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில், 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயலில் வேப்பங்கிளை விழுந்து ஒரு வெடிப்பு விட்டது. சின்னதுதானே என்று வருஷக்கணக்கில் விட்டுவிட்டோம். ஒரு நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த வெடிப்பிலிருந்து உத்திரத்தை நோக்கி உண்ணிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எறும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறுகிற பழக்கம் உண்டு. தரையைக் கழுவிவிட்டால் போதும் என்பது அதனால்தான் பலிப்பதில்லை.

இதெல்லாம் வெறும் அரிப்புத் தொல்லையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகளை இந்த உண்ணிதான் நாயின் ரத்தத்தில் இறக்குகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்கிறோம். சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுப்பது, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காப்பித்தண்ணி நிறத்தில் மூத்திரம் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தட்டணு குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் பப்பாளி இலைச் சாறு பிழிந்து ஊற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் சாற்றால் கிருமி சாகாது. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுக்கிறார்கள். ஐந்தாம் நாளே வாலாட்டி எழுந்து உட்காரும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. கடலூரில் பார்த்துத் தீராததைப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை என்பதால் பரிசோதனை வசதி அங்கே இருக்கிறது.

இனி மருந்துகள்.

வீட்டு வைத்தியத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெயின் கசப்பு வாடைக்கு உண்ணி கொஞ்சம் ஒதுங்கலாம். ஏறிக் கடித்துக்கொண்டிருப்பதை அது கொல்லும் என்று நம்பி உட்காரக் கூடாது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதை அடியோடு விட்டுவிடுங்கள். நாய் நக்கும், பூனை அதைவிட அதிகமாக நக்கும், கற்பூரம் இரண்டுக்குமே விஷம். மண்ணெண்ணெய் தோலை வேக வைத்துவிடும்.

அடுத்தது, அக்கா கேட்ட மாட்டு மருந்து. டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின். தண்ணீரில் கலந்து மாட்டின் மேல் தெளிக்கிற அதே பாட்டில்தான். உண்ணி சாகும், அதில் சந்தேகமில்லை. விலையும் குறைவு. நாய்களுக்கான உண்ணிப் பவுடர்கள், ஷாம்புகள் பலவற்றிலும் இதே பைரித்ராய்டு குடும்பத்து மருந்துகள்தான் இருக்கின்றன. பூனை இல்லாத வீட்டில், கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் கலந்து பயன்படுத்தினால் இது ஒரு வழி. பூனை இருக்கிற வீட்டில் இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் ‘ஒரு மூடி கலந்து துடைச்சி விடுங்க’ என்று சொன்னதை அப்படியே கேட்டு, எங்கள் கருப்பனுக்கு அந்த மருந்தைத் துணியில் நனைத்து உடம்பெல்லாம் துடைத்தேன். ஈரம் காய்வதற்குள் அவன் போய்ச் சாக்கில் படுத்துக்கொண்டான். எங்கள் பூனை செல்லி வழக்கம்போல் அவன் வயிற்றோடு சுருண்டு, தன்னையும் அவனையும் மாற்றி மாற்றி நக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் காது மட்டும் துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கிறதோ என்று விரட்டினேன். ஈ இல்லை. அப்புறம் முதுகுத் தோல் அலை அலையாகச் சுருங்க ஆரம்பித்தது. தண்ணீரில் மிதித்தவள் போல ஒவ்வொரு காலையும் உதறி உதறி நடந்தாள். வாயில் எச்சில் ஒழுகியது. அரை மணி நேரத்தில் நாலு காலும் விறைத்து உடம்பு முழுக்க நடுக்கம்.

கூடையில் வைத்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அம்மா முதலில் செய்தது, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் போட்டு அவள் உடம்பில் ஒட்டியிருந்ததைக் கழுவியது. அப்புறம் நடுக்கத்தை அடக்க ஊசி, ராத்திரி முழுக்க குளுக்கோஸ். செல்லி பிழைத்தாள். நாயின் ஈரல் உடைத்து வெளியேற்றிவிடுகிற இந்த மருந்தைப் பூனையின் ஈரலால் அந்த வேகத்தில் உடைக்க முடியாது. அதற்கு வேண்டிய நொதி பூனைக்கு மிகக் குறைவு என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். இந்தக் குடும்பத்திலேயே பூனைக்கு அதிகம் ஆபத்தானது பெர்மெத்ரின். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கிறது. அதனால் நாய்க்கு வாங்குகிற எதையும் அட்டையைத் திருப்பி, பூனைப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த மருந்து மீனுக்குக் கடும் விஷம். குளிப்பாட்டிய தண்ணீரை வாய்க்காலில் கொட்டினால் அது உப்பனாற்றுக்குத்தான் போகும். வலை போட்டுப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யக் கூடாது.

அமிட்ராஸ் என்று ஒரு குளியல் மருந்தும் கிடைக்கிறது. சொறிக்கும் உண்ணிக்கும் எழுதுவார்கள். நாய்க்கு வேலை செய்யும். ஆனால் குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது. கலக்குகிறவர் கையுறை போட வேண்டும், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். உண்ணிக்கு மட்டும் என்றால் இவ்வளவு சிரமம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சொட்டு மருந்தில் அதிகம் விற்பது ஃபிப்ரோனில். பிடரியில் முடியை விலக்கித் தோலில் விடுவது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, ஒரு மாதம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பூனைக்கென்று தனி அளவு உண்டு என்பதால், நாய், பூனை இரண்டும் உள்ள வீட்டில் இதை வைத்துக்கொள்ளலாம். முயல் வளர்க்கிறவர்கள் மட்டும் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, முயலுக்கு இது விஷம். நம் ஊரில் இதற்கு இடைஞ்சல் ஈரம்தான். மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. கருப்பன் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போனால் அலையில் உருளாமல் வர மாட்டான். வீட்டுக்கு வந்து உப்பு போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், நாள் முழுக்க நனைந்த நாய்தான். அப்படிப்பட்ட நாய்க்கு மாதாமாதம் சொட்டு விட்டும் மூன்றாவது வாரமே உண்ணி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டோடு கிடக்கும் நாய்க்கு இது போதும். பூனைக்கு நான் இன்றும் இதைத்தான் போடுகிறேன்.

கழுத்துப் பட்டை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். நல்ல மருந்துப் பட்டைகள் மாதக்கணக்கில் வேலை செய்யும். ஃப்ளூமெத்ரினும் இமிடாகுளோபிரிடும் கலந்தது எட்டு மாதம் வரை தாங்கும், அதில் பூனைக்கென்றே தனிப் பட்டையும் உண்டு. டெல்டாமெத்ரின் பட்டை நாய்க்கு மட்டும். இவற்றுக்கு மாத்திரையில் இல்லாத ஒரு நல்ல குணம் இருக்கிறது. உண்ணி கடிப்பதற்கு முன்பே அதை விரட்டுகின்றன. எர்லிக்கியா கிருமி, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே இறங்கிவிடக்கூடியது என்பதால் இது சின்ன விஷயமில்லை. அதனால்தான் பூனை இல்லாத வீட்டுக்காரர்கள் கேட்டால் நான் பட்டையைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் பட்டையை வாயால் கடிக்கிற குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தோலை ஒட்டி இருக்க வேண்டும். அடிக்கடி நனைந்தால் ஆயுள் குறையும். பெட்டியில் மருந்தின் பெயரே போடாமல் ‘மூலிகைப் பட்டை’ என்று விற்பதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

மாத்திரை வந்து இங்கே பல வீடுகளில் உண்ணிக் கதையையே மாற்றிவிட்டது. ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர் என்று மூன்றும் ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பம். கடையில் பிராவெக்டோ, நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா என்று கேட்பது இவற்றைத்தான். முதலாவது 12 வாரம் தாங்கும், மற்ற இரண்டும் மாதம் ஒன்று. மருந்து ரத்தத்தில் ஓடுகிறது. கடித்துக் குடித்த உண்ணி ஒரு நாளுக்குள் நரம்பு இழுத்துச் சாகிறது. கடலில் உருண்டாலும் மழையில் ஊறினாலும் ஒன்றும் குறையாது. தோலில் எதுவும் ஒட்டியிருப்பதில்லை என்பதால், பூனை நாயை நக்கினாலும் கட்டிக்கொண்டு படுத்தாலும் பயமில்லை. எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். உண்ணி கடித்த பிறகுதான் சாகும், விரட்டாது. அதனால் மாத்திரை போட்ட நாய்க்குக் காய்ச்சலே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. இந்தக் குடும்ப மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கும், அட்டையில் போட்டிருக்கிற எடைக்குக் குறைந்த நாய்க்கும் கொடுப்பதில்லை. சினை நாய்க்கு டாக்டர் சொல்வதே முடிவு. ஃப்ளூரலானரை வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உறிஞ்சும். நான் முள் எடுத்த மத்தி மீனில் வைத்துக் கொடுத்துவிடுவேன்.

விலைக்குப் பயந்து பெரிய நாயின் மாத்திரையை வாங்கி, வெட்டி இரண்டு மூன்று சின்ன நாய்க்குப் பகிர்ந்து கொடுக்கிற பழக்கம் இங்கே பரவிவருகிறது. வேண்டாம். ஃப்ளூரலானர் அட்டையிலேயே உடைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. எடையைக் கண்ணால் மதிப்பிடுவதும் தப்பு. 4.5 முதல் 10 கிலோவுக்கு ஒன்று, 10 முதல் 20-க்கு ஒன்று என்று எடைவாரியாகத்தான் வருகிறது. விலையை ஒப்பிடும்போது மாத்திரையின் விலையைப் பார்க்காமல், அது தாங்குகிற நாட்களால் வகுத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை சொட்டு, வாரம் ஒரு முறை ஷாம்பு, நடுவில் ஒரு காய்ச்சல் வைத்தியம் என்று போகிற கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

ஐவர்மெக்டின் ஊசி ஒன்று போட்டால் எல்லாம் கொட்டிவிடும் என்பது இன்னும் பலர் நம்பிக்கை. சொறிப் பூச்சிக்கு நல்ல மருந்து. உண்ணிக்கு நம்ப முடியாது. கோலி (Collie), ஷெல்டி போன்ற நாய் இனங்களில் மரபணுக் கோளாறு உள்ள நாய்க்கு இது மூளை வரை போய் உயிரையே எடுக்கும்.

பூனைக்கு உண்ணியைவிடத் தெள்ளுப்பூச்சிதான் பெரிய தொல்லை. பூனையின் பின்புறத்து முடியில் காய்ந்த அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது, நாய்க்கும் இப்படித்தான். பிராசிகுவான்டெல் கலந்த புழு மாத்திரை கொடுத்தால் போகும். தெள்ளுவை விட்டுவைத்தால் அடுத்த மாதமே திரும்பும். ஆகவே புழு மருந்தையும் பூச்சி மருந்தையும் ஒரே நேரத்தில் திட்டமிடுங்கள், இரண்டு பிராணிக்கும் சேர்த்து.

உடம்பில் ஏற்கெனவே இருக்கிற உண்ணியைக் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். முறுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். விரலில் நசுக்க வேண்டாம். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தரையில் போட்டால் நாய் நக்கி விழுங்கும். ஹெப்பட்டோஜூன் என்ற இன்னொரு கிருமி, உண்ணியை விழுங்குவதாலேயே வருகிறது.

அக்காவிடம் நான் சொன்னது 12 வார மாத்திரை, கூடவே சுவர் வேலை. நாயை ஆஸ்பத்திரித் தராசில் ஏற்றினோம், 13 கிலோ. 10 முதல் 20 கிலோ அட்டையை வாங்கினார். மூன்றாம் நாள் சாக்கில் செத்து உலர்ந்த உண்ணிகள் கிடந்தன. பத்தாம் நாள், “மாத்திரை வேலை செய்யலப்பா, திரும்பவும் ஏறுது” என்று வந்தார். அவை சுவரிலிருந்து புதிதாகப் பசியோடு இறங்கியவை. வீடு நிறைய இருந்தால் இது சில வாரம் நடக்கும். ஏறுகிற ஒவ்வொன்றும் கடித்துச் சாகிறது, நாயே பொறி மாதிரி.

கொத்தனாரைக் கூப்பிட்டு நடைச்சுவர் வெடிப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கையும் அடைத்தார். நாயின் சாக்கை எரித்துவிட்டு, வெந்நீரில் அலசக்கூடிய பழைய பெட்ஷீட்டுக்கு மாற்றினார். வாரம் ஒரு தடவை வெயிலில் போடுகிறார். பூச்சி மருந்து அடிக்கிற ஆளை அழைக்க நினைத்தபோது நான் ஒன்றே ஒன்று சொன்னேன். அடிப்பது பெரும்பாலும் அதே பைரித்ராய்டு வகைதான், தரை நன்றாகக் காய்கிற வரை பூனை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று. இரண்டு நாள் இருந்தது. செல்லிக்குத்தான் கோபம்.

ஐப்பசிக் கடைசியில் இரண்டாவது மாத்திரைக்கு நாள் வந்தது. மழைக்கு நடுவே நாயை மறுபடி எடை போட்டோம், 14 கிலோ 200 கிராம். அதே அட்டைதான். அந்த வாரம் முழுக்கத் தேடியதில் காதுமடிப்பில் கிடைத்தது ஒரே ஒரு உண்ணி, காய்ந்து போனது.